சொந்தமாக கம்பைல் செய்த கர்னலில் புளூடூத் வரவில்லை, உதவுங்கள்

கயல்:
வணக்கம். நானே மூலநிரலிலிருந்து கம்பைல் செய்த லினக்ஸ் கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) நன்றாக பூட் ஆகிறது. புளூடூத் மட்டும் வரவில்லை. கர்னலில் எது வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் மெனுகான்ஃபிக்கில் புளூடூத் ஆன் செய்திருக்கிறேன். பழைய கர்னலில் பிரச்சினை இல்லை. நாளைக்குள் சரியாக வேண்டும், யாராவது சொல்லுங்கள்.

மின்மினி:
எந்த கர்னல் பதிப்பு? என்ன சிப்? உள்ளேயே இருப்பதா, யூஎஸ்பி டாங்கிளா?

தாழை:
வயர்லெஸ் சாதனங்களை முடக்கும் ஆர்எஃப்கில்லைப் பாருங்கள். 'ஆர்எஃப்கில் லிஸ்ட்' கொடுத்தால் சாஃப்ட் பிளாக்டு என்று வரும். பத்தில் ஒன்பது பேருக்கு இதுதான்.

மின்மினி:
பழைய கர்னலில் வருகிறது என்கிறாரே. ஆர்எஃப்கில்லாக இருக்க வாய்ப்பு குறைவு.

கர்னல்காவலன்:
லினக்ஸின் புளூடூத் மென்பொருளான புளூஸெட் 2001இல் 2.4.6 பதிப்பிலேயே கர்னலுக்குள் வந்துவிட்டது. இத்தனை வருடத்துக்கு அப்புறமும் "ஆன் செய்திருக்கிறேன்" என்றால் எதை? 'நெட்வொர்க்கிங் சப்போர்ட்' மெனுவில் புளூடூத்தைப் போட்டால் மட்டும் போதாது. அதற்குள் 'புளூடூத் டிவைஸ் டிரைவர்ஸ்' தனியாக இருக்கிறது. அங்கே ஹெச்சிஐ யூஎஸ்பி டிரைவரைத் தேர்ந்தெடுத்தீர்களா? கர்னல் கட்டுகிறவர் டிமெஸெக் (கர்னலின் செய்திப் பதிவு) இல்லாமல் கேள்வி கேட்கக் கூடாது.

கயல்:
6.6, லேப்டாப்பில் உள்ள இன்டெல் சிப். கர்னலோடு வரும் இயல்பான அமைப்பான டெஃப்கான்ஃபிக்கில் ஆரம்பித்தேன். யூஎஸ்பி டிரைவர் உட்பட புளூடூத்தில் எல்லாவற்றுக்கும் ஸ்டார் போட்டு கர்னலுக்குள்ளேயே சேர்த்திருக்கிறேன். ஆர்எஃப்கில்லில் பிளாக் எதுவும் இல்லை. டிமெஸெக்கில் ஃபர்ம்வேர் (சிப்புக்குள் ஏற்ற வேண்டிய மென்பொருள்) லோட் ஆகவில்லை, எரர் -2 என்கிறது.

கர்னல்காவலன்:
முதல் பதிவிலேயே எழுதியிருக்க வேண்டிய வரி அது. -2 என்றால் கோப்பு கிடைக்கவில்லை. ஸ்டார் போட்டதால் ரூட் (டிஸ்க்கின் முதன்மைக் கோப்பமைப்பு) மவுன்ட் ஆவதற்கு முன்பே டிரைவர் எழுந்து ஃபர்ம்வேரைத் தேடுகிறது. அந்த நேரத்தில் டிஸ்க்கில் இருக்கும் ஃபர்ம்வேர் அடைவு அதற்குத் தெரியாது. ஸ்டாருக்குப் பதில் எம் போட்டு, தேவைப்படும்போது தனியாக ஏற்றும் மாட்யூலாக்குங்கள்.

தாழை:
எல்லாவற்றையும் மாட்யூலாக்கு என்பது சோம்பேறி வழி. ஃபர்ம்வேரை கர்னலோடு சேர்த்தே கட்டலாம், எக்ஸ்ட்ரா ஃபர்ம்வேர் என்று அதற்கே ஒரு ஆப்ஷன் இருக்கிறது. பூட் ஆகும்போது முதலில் ஏறும் தற்காலிகக் கோப்பமைப்பான இனிட்ராம்எஃப்எஸ்ஸிலும் வைக்கலாம்.

கர்னல்காவலன்:
புது ஃபர்ம்வேர் வரும்போதெல்லாம் மறுபடி கர்னல் கட்டுவாரா? மாட்யூல் என்றால் கழற்றி மாட்டினால் முடிந்தது.

தாழை:
மாட்யூலே வேண்டாம் என்று கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் வழி வேண்டும்.

மின்மினி:
அந்தச் சண்டை தனி இழைக்கு உரியது. கயல், வைஃபை வருகிறதா?

கயல்:
வைஃபையும் இல்லை. கேபிளில் நெட் ஓடுகிறது, அதனால் சொல்லவில்லை. எம் போட்டுப் பார்த்தேன், அதே -2.

மின்மினி:
இரண்டும் ஒன்றாக விழுகின்றன என்றால் ஃபர்ம்வேரை எடுக்கும் இடத்திலேயே தடை. ஃபர்ம்வேர் அடைவுக்குள் இன்டெல் அடைவைத் திறந்து பாருங்கள். கோப்புப் பெயர்கள் எப்படி முடிகின்றன?

கயல்:
எல்லாமே டாட் இசட்எஸ்டி.

மின்மினி:
அப்படியானால் காரணம் அதுதான். உங்கள் டிஸ்ட்ரோ (நீங்கள் நிறுவிய லினக்ஸ் தொகுப்பு) ஃபர்ம்வேரைச் சுருக்கி வைத்திருக்கிறது. இசட்எஸ்டியில் சுருக்கியதைக் கர்னலே விரித்துப் படிக்கும் வசதி 5.19இலிருந்து உண்டு, ஆனால் டெஃப்கான்ஃபிக்கில் அது ஆனில் இல்லை. டிஸ்ட்ரோ கொடுத்த கர்னலில் இருந்திருக்கும், அதனால்தான் பழையதில் வருகிறது. 'டிவைஸ் டிரைவர்ஸ்', 'ஜெனரிக் டிரைவர் ஆப்ஷன்ஸ்', 'ஃபர்ம்வேர் லோடர்' என்று போய், சுருக்கிய ஃபர்ம்வேருக்கான ஆதரவையும் அதற்குக் கீழே இசட்எஸ்டியையும் ஆன் செய்யுங்கள். டிரைவர் எம்மிலேயே இருக்கட்டும். தாழை சொன்ன வழியில் போவதானால் கோப்பை முதலில் விரித்துவிட்டுத்தான் சேர்க்க வேண்டும்.

கர்னல்காவலன்:
சரிதான். டெஃப்கான்ஃபிக்குக்குப் பதில் டிஸ்ட்ரோவின் கான்ஃபிக் கோப்பிலிருந்து ஆரம்பித்திருந்தால் இந்த இழையே தேவைப்பட்டிருக்காது.

கயல்:
வந்துவிட்டது, வைஃபையும் சேர்த்து. நன்றி மின்மினி. ஹெட்செட் பாடுகிறது. மவுஸ் இணைகிறது, ஆனால் கர்சர் நகரவில்லை.

மின்மினி:
லோ எனர்ஜி (குறைந்த மின்சக்தி புளூடூத்) மவுஸாக இருந்தால் மவுஸ் போன்ற உள்ளீட்டுச் சாதனங்களுக்கான யூஹிட் டிரைவர் வேண்டும். 'ஹிட் சப்போர்ட்' பகுதியில் இருக்கும், அதையும் எம் போட்டு மறுபடி கட்டுங்கள். அப்புறம் மவுஸை ஒருமுறை நீக்கிவிட்டுப் புதிதாக இணையுங்கள்.

தாழை:
கயல், மவுஸ் நகர்ந்ததா?