சீனன்குடாவில் அம்மப்பா எண்ணிய விமானங்கள்

குழு: திருமலை வீட்டார்

கண்ணன்: ரயில் திருகோணமலைக்குப் பக்கத்துச் சீனன்குடாவைத் தாண்டுகிறது. யன்னலால் எடுத்த படம் இது. காட்டுக்குள் ஏன் இத்தனை தாங்கிகள் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். சித்தப்பா, கொஞ்சம் சொல்லுங்கள்.

ராசன் சித்தப்பா: கடற்படைக் கப்பல்களுக்கு எண்ணெய் சேர்த்து வைக்க பிரிட்டிஷார் கட்டியவை. ஒன்றில் ஏறத்தாழ 12,000 தொன் கொள்ளும். பக்கத்தில் விமானத்தளம் இருக்கிறதே, அதையும் காட்டு. அதற்குத்தான் பெரிய கதை.

வாணி அக்கா: 1942 கதைதானே? ஜப்பான் விமானம் ஒன்று தாங்கியில் மோதி, நாள்கணக்காக எரிந்ததாம். அம்மம்மா சொல்லுவா.

ராசன் சித்தப்பா: ஓம், 9 ஏப்ரல் 1942. அந்த பெப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்துவிட்டது. ஜப்பான்காரர் முதலில் ஏப்ரல் 5ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பைத் தாக்கினார்கள். நாலு நாள் கழித்துத் திருமலை. சீனன்குடாவில் நின்ற பிரிட்டிஷ் விமானப்படையின் 261ஆவது அணியின் ஹரிக்கேன் போர்விமானங்கள் எதிர்த்துப் பறந்தன. அவற்றில் எட்டு போய்விட்டன. முதல் நாள் இரவே துறைமுகத்தை விட்டு விலகிய ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் கப்பலை மட்டக்களப்புக் கடலில் மூழ்கடித்தார்கள். விமானம் தாங்கிக் கப்பல் அது, ஆனால் அன்று அதில் ஒரு விமானம்கூட இருக்கவில்லை. 300 பேருக்கு மேல் செத்தார்கள். அதை நினைத்தால் இப்போதும் மனம் கனக்கும்.

கண்ணன்: அதோடு முடிந்ததா?

ராசன் சித்தப்பா: இல்லை. எல்லோரும் 1942ஐத்தான் சொல்வார்கள். எனக்கு 1944 முக்கியம். சுமாத்திராவில் பலெம்பாங் என்ற ஊரில் ஒரு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. ஜப்பானின் விமான எரிபொருளுக்கு அது பெரிய ஆதாரம். அங்கே போய்க் குண்டு போட்டுத் திரும்ப அமெரிக்கரின் பி-29 என்ற பெரிய குண்டுவீச்சு விமானத்தால்தான் முடியும், அதற்கும் கிட்டத்தில் ஒரு தளம் வேண்டும். இந்தப் பக்கத்தில் அவர்களுக்கு அமைந்தது சீனன்குடா. அந்தக் கனத்த விமானம் எண்ணெய் நிரப்பிக்கொண்டு எழும்ப நீண்ட பாதை வேண்டும். அதனால் ஓடுபாதையை 7,200 அடிக்கு நீட்டினார்கள். 1944 ஓகஸ்ட் 10 பின்னேரம் புறப்பட்டு, போய்வர 3,800 மைலுக்கு மேல் பறந்து, அடுத்த நாள்தான் திரும்பினார்கள். அங்குள்ள மூசி ஆற்றில் கண்ணிவெடியும் போட்டார்கள். திரும்பும் வழியில் எண்ணெய் தீர்ந்து ஒரு விமானம் கடலில் இறங்கியது. ஒருவர் இறந்தார். ஆலைக்குப் பெரிய சேதம் இல்லை. அதற்குப் பிறகு பி-29கள் இங்கிருந்து தாக்குதலுக்குப் போகவே இல்லை. அந்த ஒரு இரவுக்காக நீட்டிய பாதை அது.

வாணி அக்கா: ஒரே ஒரு இரவுக்கா!

பெரியம்மா: ராசன் தம்பி, இப்போதுதான் பார்த்தேன். அந்த ஓடுபாதை வேலைக்கு எங்கள் அப்பா போனவர். கல் சுமந்தவர். தோளில் தழும்பு இருந்தது, சின்ன வயதில் நான் தடவிப் பார்த்திருக்கிறேன்.

ராசன் சித்தப்பா: அக்கா, மாமா இதை எனக்குச் சொன்னதே இல்லையே. விமானத்தில் போனவர்களின் பெயரெல்லாம் பட்டியலில் இருக்கிறது. கல் சுமந்தவர்களின் பெயரை நான் எந்தப் பட்டியலிலும் கண்டதில்லை.

பெரியம்மா: அவர் அதிகம் பேசமாட்டார். ஒன்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லுவார். ஒரு நாள் பின்னேரம் கரையில் நின்று பார்த்தாராம். மலை மாதிரி விமானம், ஒன்று எழும்ப அடுத்தது, அடுத்தது என்று. நாற்பது வரை எண்ணினேன், பிறகு இருட்டிவிட்டது என்பார். அம்மா நம்பமாட்டா. "ஒரே நாளில் நாற்பது விமானமா? நாலாக இருக்கும்" என்பா. அவரும் அதற்கு மேல் பேசமாட்டார்.

கண்ணன்: சித்தப்பா, அன்று எத்தனை போயின?

ராசன் சித்தப்பா: 54. முதலாவது ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் எழும்பியது. கடைசி எழும்பும்போது பொழுது சாயும் நேரம்.

பெரியம்மா: கண்ணன், நீ எடுத்த படத்தை இன்னொருமுறை அனுப்பு. பெரிதாக்கிப் பார்க்க வேண்டும்.