வளைவுக்கு முன்னம் ரீச்சரின் கொடுப்பனவு

அன்பான ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

ஊர் முகப்பில் வளைவு கட்டுறதைப் பற்றி கனடா ஸ்காபுரோவிலிருந்து அண்ணை எழுதின மடலைப் பார்த்தேன். படம் வடிவாத்தான் இருக்கு. ஆனால் அந்தக் காசைப் பற்றிக் கொஞ்சம் கதைக்க வேணும், கோவிக்காதேங்கோ.

சனசமூக நிலையத் தலைவி அக்கா கணக்குப் புத்தகத்தின்ர ரெண்டு பக்கத்தைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தா. வரவுப் பக்கம் முழுக்க வெளிநாட்டில் இருக்கிற எங்கட பேர்தான். திவசம், பிறந்தநாள், அறுபதாம் கலியாணம் என்று வந்த காசு. ஆடி, ஆவணியில் எல்லாரும் திருவிழாவுக்குப் போறதால் வரிகள் நெருக்கமா இருக்கு. ஐப்பசி, கார்த்திகை வெறும் தாள். செலவுப் பக்கத்தில் மாதாமாதம் அதே நாலு வரி: முன்பள்ளி ரீச்சர்மாரின் கொடுப்பனவு, பிள்ளையளின் இலைக்கஞ்சிக்கு அரிசி தேங்காய், வாசிகசாலைப் பேப்பர்க்காசு, மந்திகை ஆசுப்பத்திரிக் கிளினிக்குக்குப் போற ஆக்களின் ஓட்டோக்கூலி. கார்த்திகையில் சின்ன ரீச்சரின்ர பேருக்குப் பக்கத்தில் பென்சிலால் 'பாக்கி' என்று எழுதியிருக்கு.

பள்ளிக்கூடத்தை அரசாங்கம்தானே பார்க்குது என்று இளம் ஆக்கள் கேட்பினம். 1848இல் நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கின காலத்தில் அப்படியில்லை, ஊர் குடுத்தால்தான் அப்படியான பள்ளிக்கூடம். 1960, 61இல் பெரும்பாலான பாடசாலைகளை அரசு பொறுப்பெடுத்த பிறகு பள்ளிக்கூடத்தை நடத்துறது ஊரின்ர பொறுப்பில் இல்லை. முன்பள்ளி அந்தக் கணக்குக்குள்ள வரேல்லை. இலவசக் கல்வி முதலாம் வகுப்பில்தான் தொடங்குது. மாகாணத்தால் வாற படி சின்னக் காசு, மிச்சம் ஊரின்ர பாடு.

கிளினிக்கும் அப்படித்தான். ஆசுப்பத்திரியில் பார்க்கிறதுக்குக் காசில்லை. ஆனால் முழங்கால் ஏலாத ஒரு அம்மா, பிள்ளையள் பாரிசிலும் சூரிச்சிலும் இருக்க, விடியக் காலமை நம்பர் எடுக்கச் சந்திமட்டும் நடந்து போய் பஸ் பிடிப்பாவோ? 2022 பொருளாதார நெருக்கடியில் மருந்து தட்டுப்பட்டு, வெளியில் பாமசியில் வாங்கச் சொல்லித் துண்டு எழுதிக் குடுத்ததும் தெரியும்தானே. 2023இல் அரசாங்கத்தின்ர அஸ்வெசும உதவித்தொகை வந்தது. அதில் பேர் விடுபட்ட வீடு எது என்று கொழும்புக்குத் தெரியாது, எங்கட மாதர் சங்கத்துக்குத் தெரியும். ஊருக்குள்ள குடுக்கிற காசின்ர பெறுமதி எனக்கு அதில்தான் விளங்குது.

அதனால் நான் கேட்கிறது பெரிய தொகை இல்லை. மாதம் 5 பவுண், மாதாமாதம் தானாப் போற மாதிரி வங்கியில் ஸ்டாண்டிங் ஓடர் போட்டுவிடுங்கோ. ஒருக்கா தாற 500ஐ விட மாதாமாதம் வாற அஞ்சை நம்பித்தான் ரீச்சருக்கு ஒரு வாக்குக் குடுக்கலாம். லண்டன் கிளை பதிஞ்ச அறக்கட்டளை எண்டபடியால், இங்க வரி கட்டுற ஆக்கள் கிப்ட் எயிட் படிவத்தை நிரப்பினால் ஒவ்வொரு பவுணுக்கும் அரசாங்கத்திட்டயிருந்து 25 பென்ஸ் எடுக்கலாம். ஆண்டுவிழா ரிக்கற் காசுக்கு அது வராது, நன்கொடைக்கு மட்டும். கனடாவிலும் 2022இல் சட்டத்தை மாத்தினதால், அங்க பதிஞ்ச அறக்கட்டளை ஊர் அமைப்புக்கு மானியமாகவே குடுக்கலாம். கணக்கும் பற்றுச்சீட்டும் ஒழுங்கா இருக்க வேணும், அவ்வளவுதான்.

இன்னொண்டு. கொப்பி குடுக்கேக்க பிள்ளையளை வரிசையில் நிப்பாட்டி, பின்னால எங்கட பதாகையைப் பிடிச்சுப் படம் எடுக்கிறதை இனி விடுவம். எங்கட பிள்ளையளை இஞ்ச அப்படி நிக்க விடுவமோ?

ஐரோப்பாப் பக்கக் கணக்கை ஆர் பார்க்கிறது என்று பாரிஸ், சூரிச் ஆக்கள் தங்களுக்குள்ள கதைச்சு தைப்பொங்கலுக்கு முன்னம் எழுதுங்கோ. சின்ன ரீச்சரின்ர பாக்கியை நான் அனுப்பிட்டன், ஆரும் திரும்பப் போடத் தேவையில்லை. வளைவுக்கு விருப்பமான ஆக்கள் அதுக்குத் தனிக் கணக்கு வைச்சால் எனக்கு மறுப்பில்லை.

அன்புடன்,
லண்டன் கிளைப் பொருளாளர்