ஏழு சுற்றுக் கோட்டை: 40 அடிப் புல்தரையில் தியான நடைக்கு எப்படிக் கீறுவது?

கொட்டகலைக்காரி:
வணக்கம். கோயில் பின்பக்கம் 40க்கு 40 அடி புல்தரை, லேசான சரிவு. தியானமாக நடக்க ஏழு சுற்று லாபிரிந்த் (ஒரே தடத்தில் சுற்றிச் சுற்றி நடுவுக்குப் போகும் வளைபாதை) ஒன்று அமைக்க வேண்டும். சீமெந்து கூடாது, கல் மட்டும். தரையில் பிசகாமல் கீறுவது எப்படி? மே மாத மழைக்கு எது நிற்கும்? நடக்கும்போது மனதை எங்கே வைப்பது? "இது வெள்ளைக்காரன் சர்ச்சில் இருப்பதாச்சே" என்று பெரியவர்கள் கேட்கிறார்கள், அதற்கும் பதில் வேண்டும்.

சைவ வாசகன்:
சர்ச்சிலும் இருக்கிறது. பிரான்சின் சார்த்ர் பேராலயத் தரையில் 13ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் பதித்தது 11 சுற்று, ஏறக்குறைய 13 மீற்றர் அகலம். ஆனால் நீங்கள் கேட்கும் ஏழு சுற்று வடிவம் அதைவிட மிகப் பழையது, நம் பக்கமும் உண்டு. பொள்ளாச்சி அருகே கெடிமேட்டில் சதுரமாகக் கற்களால் அமைத்த புதிர்நிலை இருக்கிறது. ஹளேபீடு கோயிற் சிற்பத்தில் சக்கரவியூகத்தையே இந்த வடிவில் செதுக்கியிருக்கிறார்கள். அபிமன்யு கதையை நினைத்து யாராவது அபசகுனம் என்றால், தரையில் கீறிக் காட்டுங்கள். இதில் கிளைவழி கிடையாது. உள்ளே போன தடமே வெளியே கொண்டுவந்து விடும். தொலைய இடமே இல்லை.

பண்டாரவளை மேசன்:
அக்கா, தடம் 2 அடி என்று வையுங்கள். வெளி அகலம் 30 அடி, மேலிருந்து கீழ் 27 அடி வரும். தண்ணீர் போகச் சுற்றிலும் கரை மிஞ்சும்.

முதலில் விதை, அதாவது எல்லாக் கோடும் தொடங்கும் நடு வடிவம். 8 அடிச் சதுரத்தின் நடுவில் கூட்டல் குறி, ஒவ்வொரு கையும் 4 அடி. சதுரத்தின் நான்கு மூலையிலும் முளை அடியுங்கள் (கவ்வாத்துக் குச்சியே போதும்). கூட்டலுக்கும் முளைக்கும் நடுவே நான்கு மூலைமட்டம் (L வடிவக் கோடு). முனை நடுவைப் பார்க்க, 2 அடிக் கைகள் வெளியே பார்க்க. இப்போது சதுரத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் 2 அடி இடைவெளியில் ஐந்து புள்ளி வந்திருக்கும்.

பிறகு கயிறு. கூட்டலின் மேல்நுனிக்கும் அதன் வலப்பக்க மூலைமட்ட நுனிக்கும் சரிநடுவில் ஒரு முளை. அதிலிருந்து 1, 3, 5, 7, 9, 11, 13, 15 அடியில் மேல் அரைவட்டம் எட்டு. சதுரத்துக்கு வெளியே விழுந்த நுனிகளைக் கால்வட்டமாகக் கீழே இறக்க வேண்டும். வலப்பக்கத்துக்கு மேல்வலது மூலை முளையிலிருந்து 2, 4, 6, 8, 10, 12 அடி. இடப்பக்கத்துக்கு மேல்இடது முளையிலிருந்து 2, 4, 6, 8, 10 அடி. இரண்டு பக்கமும் முதல் நான்கு கோடும் விதைப் புள்ளிகளில் தானாகச் சேரும். மிஞ்சியது மூன்று கோடு. வலப்பக்க இரண்டையும் கீழ்வலது முளையிலிருந்து 2, 4 அடியில் வளைத்தால் மூலைமட்டத்திலும் கூட்டலின் அடியிலும் போய் முடியும். இடப்பக்க ஒன்றைக் கீழ்இடது முளையிலிருந்து 2 அடியில் வளைத்து மூலைமட்டத்தில் முடியுங்கள். கூட்டலின் அடிக்கு இடப்பக்கம் திறந்திருக்கும் 2 அடிதான் வாசல்.

எல்லோரும் பிழைவிடுவது ஓர் இடத்தில்: நடுவில் ஒரு புள்ளியைத் தாண்டி இணைத்துவிடுவது. அப்படியானால் ஒரு சுற்று மூடிக்கொள்ளும், இல்லாவிட்டால் தடம் இரண்டாகப் பிரியும். கல் வைக்குமுன் நடந்து பாருங்கள். வெளியிலிருந்து எண்ணினால் 3, 2, 1, 4, 7, 6, 5, பிறகு நடு. இந்த வரிசை வராவிட்டால் கீறலில்தான் பிழை.

கோடுகளின் மொத்த நீளம் சுமார் 360 அடி. அடிக்கு ஒரு கல் போதும். உருண்டைக் கல் புரளும், தட்டையான கல்லைப் பாதி புதையுங்கள். செங்கல் வேண்டாம், பாசி பிடித்து வழுக்கும்.

கானு பார்ப்பவர்:
சரிவில் மேல்பக்கக் கரைக்கு வெளியே ஒரு கானு (வடிகால்) வெட்டி மழைத்தண்ணீரைத் திருப்பிவிடுங்கள். இல்லாவிட்டால் தண்ணீர் வளைவான தடத்தையே வாய்க்காலாக்கி மண்ணை அரித்துவிடும். உங்கள் பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை கல் பதித்தால் மே மழைக்குள் புல் பிடித்துவிடும். ஊவாப் பக்கத்துக்குக் கணக்கு வேறு, அங்கே பெருமழை ஆண்டுக் கடைசியில்தான். புல்லை ஓட்ட வெட்டுங்கள், நீண்ட ஈரப்புல்லில் அட்டை ஏறும்.

மௌன நடை:
தங்கச்சி, மூன்றாவது சந்தேகத்துக்கு வருகிறேன். வாசலில் நின்று மூன்று மூச்சு. பிறகு வழக்கமான நடையில் பாதி வேகம். பார்வை ஐந்தாறு அடி முன்னால் தரையில் இருக்கட்டும். காலடியையே பார்த்தால் கழுத்து வலிக்கும். எத்தனையாவது சுற்று என்று எண்ண வேண்டாம், எண்ணத் தொடங்கினால் மனம் கணக்கில் போய்விடும். அதற்குப் பதில் ந-ம-சி-வா-ய, காலடிக்கு ஓர் எழுத்து. ஐந்து ஒற்றைப்படை, அதனால் ஒருமுறை இடக்காலிலும் மறுமுறை வலக்காலிலும் தொடங்கும், உடம்பு ஒருபக்கமாகச் சாயாது. திருப்பங்களில் குதிகாலில் சுழலாமல் மூன்று நான்கு சிறு அடியாகத் திரும்புங்கள். தலைசுற்றல் வருவது அங்கேதான்.

நடு 2 அடிதான், உட்கார முடியாது. நின்றபடி மூச்சைக் கவனியுங்கள். பலர் அங்கிருந்து கல்லைத் தாண்டி நேராக வெளியே வந்துவிடுகிறார்கள், இதை விடாதீர்கள். திரும்பும் நடை சாதனையில் சரிபாதி. உள்ளே போக 300 அடிக்குச் சற்று மேல், திரும்பிவரவும் அதே அளவு. பலர் நடந்தால் ஒரு நிமிட இடைவெளியில் விடுங்கள். எதிரெதிரே சந்தித்தால் வெளியே வருபவர் ஒதுங்குவது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

கொட்டகலைக்காரி:
நன்றி எல்லோருக்கும். சக்கர நாற்காலியில் ஓர் அம்மா வருவார். 2 அடித் தடம் அவருக்குக் காணாதே?

பண்டாரவளை மேசன்:
காணாது. அப்படியானால் மூலைமட்டத்தை விட்டுவிடுங்கள். கூட்டல், நான்கு முளை மட்டும். கை 4 அடி, முளைகள் 8 அடிச் சதுரத்தின் மூலையில். முதல் வளைவு கூட்டலின் மேல்நுனியிலிருந்து வலது முளைக்கு, மற்றவை அதே வரிசையில். மூன்று சுற்று, 4 அடித் தடம், 28 அடி அகலம். கல்லைத் தரைமட்டத்துக்குப் புதைத்துவிடுங்கள், சில்லு தட்டாது.