தனியாக இருப்பவருக்கு சயாமீஸ் பூனை சரிவருமா?

மொட்டைமாடி:
தெரிந்தவர் ஒருவர் தன் வீட்டில் பிறந்த சயாமீஸ் குட்டியைத் தருவதாகச் சொல்கிறார். எட்டு வாரக் குட்டி, பெண். "முடி குட்டை, சீவ வேண்டியதில்லை, வளர்ப்பது ரொம்ப சுலபம்" என்கிறார். நான் தனியாக இருக்கிறேன். காலை எட்டரைக்குக் கிளம்பினால் இரவு ஏழு மணிக்குத்தான் திரும்புவேன். நம்பி எடுக்கலாமா?

நாலாம்ஜாமம்:
எடுக்காதீர்கள். முடியைப் பற்றி அவர் சொன்னது உண்மைதான், வாரம் ஒருமுறை ஈரக்கையால் தடவிவிட்டாலே போதும். மற்றதை அவர் சொல்லவில்லை.

ஒன்பது வருடமாக ஒரு சயாமீஸோடு குடித்தனம் நடத்துகிறேன். அதற்கு ஆள் வேண்டும். குளியலறைக்குப் போனாலும் கதவுக்கு வெளியே உட்கார்ந்து கத்தும். சாதாரண மியாவ் என்று நினைக்காதீர்கள், பக்கத்து வீட்டுக்காரர் ஒருமுறை "குழந்தைக்கு உடம்பு சரியில்லையா?" என்று விசாரித்துவிட்டுப் போனார். என் பெயரைப் பார்த்தாலே புரியுமே, எத்தனை மணிக்கு எழுப்புகிறது என்று.

முன்பு நானும் பத்து மணி நேர வேலையில்தான் இருந்தேன். ஒருநாள் வந்து பார்த்தால் கம்பளிச் சட்டையின் ஒரு கை முழங்கை வரை இல்லை. கிழித்துப் போட்டிருந்தால் துண்டாவது கிடைத்திருக்கும். தின்றிருந்தது. இரண்டு நாள் வாந்தி, அப்புறம் குடலைத் திறந்து நூல் உருண்டையை எடுத்தார்கள். துணி தின்னும் பழக்கம் இந்த வகைப் பூனைகளில் அதிகம் என்று அப்போதுதான் தெரிந்தது.

பஞ்சுமூட்டை:
நாலாம்ஜாமம், உங்கள் ஒரு பூனையை வைத்து மொத்த இனத்துக்கும் ஜாதகம் எழுதாதீர்கள். நான் இதுவரை இரண்டு சயாமீஸ் வளர்த்திருக்கிறேன். முதல் கடுவன் நீங்கள் சொல்வதுபோல வாயாடி. இப்போது இருக்கும் பெட்டை ஜன்னலோரம் படுத்தால் பூகம்பம் வந்தாலும் எழாது.

ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தார் 2019-ல் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பூனைகளின் குணத்தை ஆராய்ந்தார்கள். சுறுசுறுப்பு, கூச்சம், மனிதரோடு ஒட்டுதல் போன்றவற்றில் ஏறக்குறைய பாதிதான் பரம்பரை. மீதி வளர்ப்பு. குட்டிக்கு இரண்டிலிருந்து ஏழு வாரம் வரை மனிதக் கை பட்டதா, வீட்டுச் சத்தம் பழகியதா என்பதுதான் பெரிய விஷயம். காகிதத்தில் எழுதிய இனப்பெயர் கத்தாது சார்.

நாலாம்ஜாமம்:
பாதி பரம்பரை என்பது உங்களுக்குச் சின்னதாகத் தெரிகிறதா? அதே ஆராய்ச்சியில்தான் இனத்துக்கு இனம் குணம் மாறுவதும் தெளிவாக வந்தது. "வளர்ப்பு" என்கிறீர்களே, அந்த மீதிப் பாதியைக் கொடுக்க வீட்டில் யார் இருக்கிறார்? கேள்வி கேட்டவர் பத்தரை மணி நேரம் வெளியே.

பஞ்சுமூட்டை:
சரி, ஒரு கதை சொல்கிறேன். என் பெட்டைக்குக் கருத்தடை செய்தபோது விலாவில் நாலு விரல் அகலத்துக்கு முடியை மழித்தார்கள். திரும்ப முளைத்தது கரும்பழுப்பு. வெண்ணெய் நிற உடம்பில் இஸ்திரிப் பெட்டி சுட்டதுபோல ஒரு சதுரம். பதறிப்போய்த் தூக்கிக்கொண்டு ஓடினேன். மருத்துவர் சிரித்தார். இந்தப் பூனைக்கு நிறம் கொடுக்கும் நொதி சூட்டில் வேலை செய்யாது, குளிர்ந்த இடத்தில்தான் செய்யும். அதனால்தான் காது, மூக்கு, வால், பாதம் மட்டும் கறுப்பு. தாய் வயிற்றுச் சூட்டில் இருப்பதால் குட்டிகள் வெள்ளையாகவே பிறக்கின்றன. மழித்த இடத்தில் தோல் குளிர்ந்தது, கறுத்தது. அடுத்தமுறை முடி உதிர்ந்து முளைத்தபோது பழைய நிறம் வந்துவிட்டது.

உடம்பின் நிறமே சூழ்நிலையைப் பார்த்து மாறுகிறது. குணம் மாறாதா?

நாலாம்ஜாமம்:
நிறம் மாறியது, சரி. உங்கள் கடுவனின் வாய் மாறியதா?

பஞ்சுமூட்டை:
இல்லை :) பதினாறு வயதில் போய்ச் சேரும்வரை பேசிக்கொண்டேதான் இருந்தான்.

ஈரமூக்கு:
நான் கால்நடை மருத்துவமனையில் உதவியாளராக இருக்கிறேன். இரண்டு பேரும் குணத்தைப் பிடித்துக்கொண்டு இழுக்கிறீர்கள், எட்டு வாரம் என்பதை யாருமே கவனிக்கவில்லை. அந்த வயதில் தாயிடமிருந்து பிரிக்கவே கூடாது. குறைந்தது பன்னிரண்டு வாரம். அதே ஹெல்சிங்கி குழு 2017-ல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில் 14 வாரத்துக்குப் பிறகு பிரித்த பூனைகளிடம் நடத்தைக் கோளாறுகள் குறைவாக இருந்தன. துணி சப்புவது, கையைக் கடிப்பது எல்லாம் பெரும்பாலும் சீக்கிரம் பிரித்த குட்டிகளிடம் நான் பார்ப்பது.

அப்புறம், சயாமீஸ் சீக்கிரமே பருவத்துக்கு வரும். நாலைந்து மாதத்திலேயே ஹீட் வந்த பெட்டைகளைப் பார்த்திருக்கிறேன். அப்போது கேட்கும் குரலுக்கு நாலாம்ஜாமத்தின் பூனை தாலாட்டு பாடுவதாகத் தோன்றும். கருத்தடையைத் தள்ளிப் போடாதீர்கள். தாய் தகப்பனுக்கு விழித்திரைச் சிதைவுக்கான மரபணுச் சோதனை செய்தார்களா என்று கேளுங்கள். இந்த இனத்தில் அது உண்டு, மெல்ல மெல்லப் பார்வை போகும். மாறுகண் இருந்தால் பயப்பட வேண்டாம். பல்லை மட்டும் குட்டியிலிருந்தே தேய்த்துப் பழக்குங்கள்.

தனியாக விடுவதாக இருந்தால் ஒன்றுக்கு இரண்டாக எடுங்கள்.

நாலாம்ஜாமம்:
இரண்டா? எனக்கு ஒன்றுக்கே தூக்கமில்லை. சேர்ந்து கத்தினால் வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள். அதோடு இரண்டுக்கும் ஒத்துப்போகாவிட்டால் லிட்டர் பெட்டி (மண் போட்ட கழிப்பிடப் பெட்டி) வாசலிலேயே தினம் சண்டை.

ஈரமூக்கு:
முன்பின் தெரியாத இரண்டு பெரிய பூனைகள் என்றால் அப்படித்தான். கூடப் பிறந்தவை, கூட வளர்ந்தவை என்றால் ஒன்றையொன்று நக்கிக்கொண்டு பகலெல்லாம் தூங்கும். லிட்டர் பெட்டி மூன்று வையுங்கள், தனித்தனி மூலையில். மாலையில் வந்ததும் கயிற்றில் இறகு கட்டி கால் மணி நேரம் ஓடவிட்டு, பிறகு சாப்பாடு. ஓடி, தின்று, நக்கிக்கொண்டு தூங்குவது பூனையின் வழக்கம். நாலாம்ஜாமம், நீங்களும் இதைப் படுக்கும் முன் செய்து பாருங்கள். அது கத்தினதும் எழுந்து சோறு வைக்கிறீர்களா?

நாலாம்ஜாமம்:
... வைக்கிறேன்.

பஞ்சுமூட்டை:
பிடிபட்டார்! ஒன்பது வருடமாக அலாரம் வைத்தது இவரேதான்.

நாலாம்ஜாமம்:
சிரியுங்கள். சோறு கொடுத்துப் பழக்கியது நான்தான், ஒப்புக்கொள்கிறேன். கம்பளியை நான் தின்னக் கொடுக்கவில்லையே. ஆள் இல்லாத வீட்டுக்கு இந்தப் பூனை வேண்டாம் என்பதில் மாற்றமில்லை.

மொட்டைமாடி:
எல்லோருக்கும் நன்றி. நேற்று மாலை அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். நான் உட்கார்ந்த அரை நிமிடத்தில் தாய்ப்பூனை மடியில் ஏறி, முகத்துக்கு நேராக என்னவோ புகார் சொன்னது. குட்டி அதன் வாலைக் கடித்துக்கொண்டிருந்தது. பன்னிரண்டு வாரம் வரை பொறுக்கிறேன் என்றேன். அவர் ஊர் மாறப் போகிறாராம், தாயையும் சேர்த்து எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்கிறார். தாய்க்கு நாலு வயது, கருத்தடைக்கு நாள் குறித்தாகிவிட்டது. கண் சோதனை பற்றிக் கேட்டேன், அவருக்குத் தெரியவில்லை, செய்து தருகிறேன் என்றார்.

பஞ்சுமூட்டை:
இதைவிட நல்ல ஏற்பாடு கிடைக்காது. நாலு வயதில் குணம் படிந்திருக்கும், ஊகிக்க ஒன்றுமில்லை. எடுங்கள்.

நாலாம்ஜாமம்:
தாயும் குட்டியும் சேர்ந்து என்றால்... சரி, முன்னே சொன்னதில் பாதியை வாபஸ் வாங்குகிறேன். கம்பளி, சாக்ஸ், ஷூ லேஸ் எல்லாவற்றையும் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். சாவியைக் கதவிலேயே விடாதீர்கள், என்னுடையது அதைத் திருப்பக் கற்றுக்கொண்டது.