மெகாடெத்தின் கடைசி ஆல்பம், முதல் வாக்கன்: இரண்டு கேள்விகள்

இடதுகாது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் கதையோடுதான் கேட்க முடியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்க ஹெவி மெட்டல் ராக் பேண்டான மெகாடெத்தின் கடைசி ஆல்பம் 2026 ஜனவரி 23 அன்று வருகிறது. பதினேழாவது ஆல்பம், பேண்டின் பெயரையே அதற்கும் வைத்திருக்கிறார்கள். இதோடு முடித்துக்கொள்கிறோம் என்று பேண்டின் தலைவர் டேவ் மஸ்டெய்ன் ஆகஸ்டில் அறிவித்த அன்று, வார்டில் மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தேன். அண்ணன் பெங்களூரிலிருந்து ஒரு வரி அனுப்பியிருந்தான்: "கேள்விப்பட்டியா?" அவ்வளவுதான். அதற்கு மேல் அவனும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை.

எனக்கு நாகர்கோவில். இப்போது ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் நர்ஸ். மெட்டல் கேட்கப் பழக்கியது அண்ணன்தான். வீட்டில் ஒரே ஒரு வாக்மேன், ஒரே ஒரு இயர்போன். மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வலதை அவன் மாட்டிக்கொள்வான், இடதை எனக்குத் தருவான். 1990-ல் வந்த 'ரஸ்ட் இன் பீஸ்' கேசட்டை அப்படித்தான் தேயத் தேயக் கேட்டோம். இரண்டு கிதார்களை ஆளுக்கொரு பக்கமாகப் பிரித்துப் பதிவு செய்திருப்பார்கள் என்று அப்போது எனக்குத் தெரியாது. நர்சிங் படிக்கப் போன பிறகு, ஹாஸ்டலில் முதல்முறையாக இரண்டு காதிலும் மாட்டிக் கேட்டேன். இத்தனை நாளும் எனக்குத் தெரிந்த பாட்டுக்கு இன்னொரு பாதி இருந்திருக்கிறது! ராத்திரி பதினொரு மணிக்கு அண்ணனைக் கூப்பிட்டு, "வலது பக்கம் இப்படி வாசிக்கிறாங்கன்னு ஏன் சொல்லவே இல்ல?" என்று கேட்டேன். அவனுக்கும் இடது பக்கம் தெரிந்திருக்கவில்லை.

2008 மார்ச்சில் மெகாடெத் பெங்களூர் பேலஸ் மைதானத்துக்கு வந்தது. அண்ணன் வடசேரியில் பஸ் ஏறிப் போனான். எனக்குப் பிளஸ் டூ பொதுத்தேர்வு நடந்துகொண்டிருந்தது. திரும்பி வந்தவனுக்குக் குரலே இல்லை. மூன்று நாள் எல்லாவற்றையும் நோட்டில் எழுதி எழுதித்தான் சொன்னான். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

சரி, கேள்விக்கு வருகிறேன். புது ஆல்பத்திலிருந்து இரண்டு பாட்டுகளை ஏற்கெனவே வெளியிட்டுவிட்டார்கள். நான் இன்னும் கேட்கவில்லை. ஜனவரி 23 வரை அப்படியே இருப்பதா, கேட்டுவிடுவதா? இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஆல்பம் அந்தந்த ஊர் நள்ளிரவில் வெளியாகும் என்றால் பெங்களூரில் எனக்கு நாலரை மணி நேரம் முன்னாலேயே வந்துவிடும். அண்ணனைக் காத்திருக்கச் சொல்வது நியாயமா?

இரண்டாவது கேள்வி: 2026 ஜூலை 29 முதல் ஆகஸ்ட் 1 வரை வாக்கன், இங்கே ஜெர்மனியில் நடக்கும் மெட்டல் இசைத் திருவிழா. டிக்கெட் இரண்டும் கையில் இருக்கிறது. அண்ணன் வருகிறான், விசா வேலை ஓடிக்கொண்டிருக்கிறது. இருவருக்கும் இதுதான் முதல் முறை. போய் வந்தவர்கள் சொல்லுங்கள், என்னென்ன எடுத்துப்போக வேண்டும்?

ரூர்க்கரை:

வணக்கம் தங்கச்சி. நான் எசனில் இருக்கிறேன், சொந்த ஊர் பருத்தித்துறை. வாக்கனைப் பற்றி நான் சொல்கிறேன்.

முதலில் சப்பாத்து. முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் ஆளுக்கொரு சோடி வாங்குங்கள். 2023-ல் நான் அங்கே நின்றேன். திருவிழா தொடங்க முன்னமே விடாத மழை. வயல் முழுக்கச் சேறு, வந்த வாகனங்களை டிராக்டர் கட்டி இழுத்தார்கள். வழக்கமாக 85,000 பேர் வருகிற இடம். ஏறக்குறைய 50,000 பேரோடு உள்ளே விடுவதை நிறுத்திவிட்டார்கள். நான் வெள்ளெனவே போய்க் கூடாரம் அடித்ததால் தப்பினேன். ஆகையால் கடைசி நேரத்தில் வெளிக்கிட வேண்டாம், முதல் நாளே போய்ச் சேருங்கள். ஹாம்பர்க்கில் இருந்து இட்சேஹோ வரை ரயில், அங்கிருந்து பஸ். உங்களுக்குக் கிட்டத்தான்.

அந்த வருடம் இங்கிலாந்து மெட்டல் பேண்ட் அயன் மெய்டன் வாசித்தார்கள். 1986 ஆல்பத்தில் இருக்கிற 'அலெக்சாண்டர் தி கிரேட்' பாட்டை அந்தப் பயணம் வரைக்கும் அவர்கள் மேடையில் வாசித்ததே இல்லை. முப்பத்தேழு வருடம்! பாட்டுத் தொடங்கினதும் எனக்குப் பக்கத்தில் நின்ற நரைத்த தாடிக்காரர் ஒருவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். பாட்டு முடியும் வரை அவர் அசையவில்லை. மழை அவருடைய மொட்டைத் தலையில் விழுந்து வழிந்துகொண்டு இருந்தது. எனக்கு அந்த இரவு என்றால் அவருடைய முகம்தான் ஞாபகம் வரும்.

ஊரைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாக்கன் ஏறக்குறைய இரண்டாயிரம் பேர் இருக்கிற சின்னக் கிராமம். 1990-ல் உள்ளூர்ப் பெடியள் ஒரு பழைய சரளைக்கல் குழியில் தொடங்கின விழா இது. அந்த ஊர்த் தீயணைப்புப் படையின் பேண்ட் வாத்தியம் இன்றைக்கும் மேடையில் வாசிக்கும், அதைத் தவறவிடாதீர்கள். விடிய எழும்பி ஊருக்குள் நடந்து போங்கள். வீட்டு முற்றத்தில் மேசை போட்டுக் கோப்பியும் பாணும் விற்பார்கள். பாட்டிமார் கறுப்பு டி-சேர்ட் போட்டுக்கொண்டு நிற்பார்கள்.

பிரதான மேடை இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், பெயர் ஃபாஸ்டர், ஹார்டர். ஒன்றில் முடிய மற்றதில் தொடங்கும். நடுவில் இடம் பிடித்தால் இரண்டையும் வடிவாகப் பார்க்கலாம்.

ஆல்பத்தைப் பற்றி ஒன்று. மெகாடெத்துக்கு ஒரு கிழமை முன்னம், ஜனவரி 16 அன்று, எங்கள் ஊர் மெட்டல் பேண்ட் கிரியேட்டரின் ஆல்பம் வருகிறது. அல்டெனெசன் நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் இருந்து வந்த பெடியள் அவர்கள். நான் அகதியாக வந்து இறங்கின பகுதியும் அதுதான். மொழி தெரியாத காலத்தில் எனக்கு முதலில் விளங்கின ஜெர்மன்காரர் அவர்கள்தான், அதுவும் இங்கிலீஷ் பாட்டில். 2012-ல் பெங்களூரிலும் வாசித்தவர்கள், உங்கள் அண்ணன் பார்த்திருக்கக்கூடும். ஒரு கிழமையை அதோடு கழியுங்கள், காத்திருக்கிறது லேசாகும்.

டபுள்பெடல்:

சென்னையிலிருந்து. நான் டிரம்ஸ் வாசிக்கிறவன்.

என் கருத்து, அந்த இரண்டு பாட்டையும் கேட்டுவிடுங்கள். எந்தப் பாட்டு முதலில் போக வேண்டும் என்று யோசித்துத்தான் வெளியே விடுகிறார்கள். கடைசி ஆல்பம் என்பதற்காகப் பாட்டைப் பூட்டிவைத்துவிட்டு ஒரே ராத்திரியில் மொத்தமாகக் கேட்டால் பாதி மனதில் நிற்காது. மெகாடெத்தின் டிரம்மர் டிர்க் வெர்பியூரன் வாசிப்பதை நான் ஒரு பாட்டுக்கு நாலு தடவையாவது கேட்க வேண்டியிருக்கிறது: முதல் தடவை கால், அடுத்தது கை, அப்புறம்தான் பாட்டு.

ஆனால் ஒன்றை மட்டும் கடைசிக்கு வையுங்கள். மெட்டாலிகாவின் 'ரைடு தி லைட்னிங்' பாட்டை இந்த ஆல்பத்துக்காக மஸ்டெய்ன் புதிதாக வாசித்திருக்கிறார். 1983 ஏப்ரலில் அவரை அந்தப் பேண்டிலிருந்து வெளியே அனுப்பினார்கள். அடுத்த வருடம் அந்தப் பாட்டு வந்தபோது எழுதியவர்களில் அவர் பெயரும் இருந்தது. தானும் சேர்ந்து எழுதிய பாட்டை, நாற்பது வருடம் கழித்து, விடைபெறும்போது தன் பேண்டோடு வாசிக்கிறார். 2019-ல் தொண்டைப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்துவிட்டுத் திரும்பி வந்து பாடுகிற மனிதர். 1984 பதிவை ஒருமுறை கேட்டுவிட்டு, உடனே இதைக் கேளுங்கள்.

வாக்கனுக்கு: இயர் பிளக். பஞ்சு மாதிரி இருப்பது வேண்டாம், பாட்டு மூடிப்போகும். இசைக்காரர்களுக்கென்று ஃபில்டர் வைத்து வருவதை வாங்குங்கள். எனக்கு வலது காதில் விசில் சத்தம் வந்து ஆறு வருடமாகிறது, நிற்கவில்லை.

மழைக்காலத்தவளை:

டபுள்பெடல் சொல்வதை ஏற்க முடியவில்லை. கேட்காதீர்கள். இரண்டு பேர் சேர்ந்து புதிதாகக் கேட்கிற வாய்ப்பு இந்தப் பேண்டைப் பொறுத்தவரை இனி வராது. ஒரு மாதம்தானே.

அண்ணன் விஷயம்: ஹாம்பர்க்கில் நள்ளிரவு என்றால் பெங்களூரில் காலை நாலரை. அவரிடமே கேட்டுவிடுங்களேன்.

இடதுகாது:

எல்லோருக்கும் நன்றி. ரூர்க்கரை அண்ணா, அந்த நரைத்த தாடிக்காரரைப் பற்றிப் படித்ததை அப்படியே அண்ணனுக்கு அனுப்பினேன். பூட்ஸ் நாளைக்கே வாங்குகிறேன். கிரியேட்டரை 2012-ல் பார்த்தானாம்! எனக்கு இப்போதுதான் சொல்கிறான். டபுள்பெடல், உங்கள் காதைப் பற்றிப் படித்ததும் வருத்தமாக இருந்தது. இரண்டு ஜோடி ஃபில்டர் பிளக் ஆர்டர் செய்துவிட்டேன். 1984 பதிவை முதலில் கேட்கச் சொன்னதையும் அப்படியே செய்வேன்.

பாட்டுகளைக் கேட்கப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். அண்ணனிடம் கேட்டேன். "உன்ன விட்டுட்டு 2008-ல ஒரு தடவை போனேன், போதும்" என்றான். நாலு மணிக்கு அலாரம் வைத்து எழுந்துவிடுவானாம். எனக்கு அன்று ராத்திரி டியூட்டி. கூட வேலை பார்க்கும் ஒருத்தியிடம் சொல்லி மாற்றிக்கொண்டேன், பதிலுக்கு அவளுக்காக இரண்டு ஞாயிறு பார்க்க வேண்டும். வீடியோ காலில் மூன்று எண்ணி ஒன்றாக அழுத்தப் போகிறோம். முதல் தடவை நான் இடதை மட்டும் மாட்டிக்கொள்வேன், அவன் வலதை மட்டும்.