குடல் நோயோடு பித்தப்பை, கல்லீரல் தொந்தரவும் சேர்ந்தவர்கள் உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

கோவைக்காரன்:
அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் (பெருங்குடலில் அழற்சியும் புண்ணும்), 9 வருஷம். மெசலமைன் மருந்தில் குடல் அமைதியாகத்தான் இருந்தது. போன வருஷம் அரிப்பு ஆரம்பித்தது. தடிப்பு கிடையாது. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் மட்டும், அதுவும் படுத்த பிறகு. தோல் மருத்துவர் 5 மாதம் அலர்ஜி மாத்திரை கொடுத்தார். ஒருநாள் ராத்திரி 2 மணிக்கு அம்மா தண்ணீர் குடிக்க எழுந்து வந்தபோது, நான் கொல்லைப்புறச் சிமெண்டுப் படியில் காலைத் தேய்த்துக்கொண்டு நின்றேன். விளக்கைப் போட்டால் படியில் ரத்தம். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. முந்தானையை நனைத்து என் காலைத் துடைத்தார். அதை மறக்க முடியவில்லை.
ரத்தப் பரிசோதனையில் ஏ.எல்.பி. (பித்தம் தடைபட்டால் ஏறுகிற நொதி) 600ஐத் தாண்டியிருந்தது. எம்.ஆர்.சி.பி. (பித்தக்குழாயைக் காட்டும் ஸ்கேன்) எடுத்தபின் பி.எஸ்.சி., அதாவது பித்தக்குழாயில் தழும்பு விழுகிற நோய் என்றார்கள். பித்தக்குழாய் அங்கங்கே சுருங்கி, மணி கோத்த மாதிரி தெரிந்தது. வேறு யாருக்காவது அரிப்பில்தான் தெரிய வந்ததா?

தஞ்சாவூர் அக்கா:
எனக்கு அரிப்பில்லை தம்பி, கல். கிரோன்ஸுக்காக (இதுவும் நாள்பட்ட குடல் அழற்சிதான்) சிறுகுடலின் கடைசிப் பகுதியை எடுத்துவிட்டார்கள். பித்த உப்பைத் திரும்ப உறிஞ்சுகிற இடமே அதுதான், அது போனால் பித்தப்பையில் கல் சேரலாம் என்று யாரும் சொல்லவில்லை. நாத்தனார் மகள் வளைகாப்பில் பந்தியை விட்டு எழ முடியவில்லை. வலது விலாவுக்குக் கீழே பிடித்த வலி முதுகுவரை போனது. "வாயுதான், ஓமத் தண்ணி குடி" என்று சுற்றி நின்று சொன்னார்கள். 15 வருஷம் கூடவே இருக்கிற கிரோன்ஸ் வலி எனக்குத் தெரியாதா? இது அது இல்லை.
பித்தப்பையை எடுத்த பிறகு ஓயாத பேதி. கிரோன்ஸ்தான் கிளம்பிவிட்டது என்று ஸ்டீராய்டு தொடங்க இருந்தார்கள். குடல் அழற்சியைக் காட்டும் மலப் பரிசோதனையான கால்புரோடெக்டின் சரியாக இருக்கவே, குடலில் இறங்கும் பித்தம்தான் காரணம் என்று பித்தத்தைப் பிடித்து வைக்கும் கொலஸ்டிரமின் பொடி கொடுத்தார்கள், அடங்கியது. மற்ற மாத்திரைகளை அதோடு சேர்த்துப் போடாதீர்கள், அவற்றையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

நெல்லை வாசகர்:
என் அண்ணனுக்கும் காமாலை வந்தது, சரியாகிவிட்டது. கோவை தம்பி, கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி, கழுவி, மண் போக அரைத்து, நெல்லிக்காய் அளவு எடுத்து மோரில் கலக்கி வெறும் வயிற்றில் குடியுங்கள். 7 நாள் உப்பு, புளி, எண்ணெய் வேண்டாம். கரும்புச் சாறு நல்லது. இளநீரும் குடிக்கலாம். இந்த ஸ்கேன் எல்லாம் அப்புறம் பார்க்கலாம்.

சேலத்துக்காரன்:
நெல்லை அண்ணா, கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் அண்ணனுக்கு வந்தது தானாக அடங்குகிற வைரஸ் காமாலையாக இருக்கலாம். பி.எஸ்.சி.யில் பித்தம் இறங்குகிற குழாயே சுருங்கிப்போகிறது. ஸ்கேனைத் தள்ளிப்போடச் சொல்லாதீர்கள்.
என் கிரோன்ஸை முதலில் குடல் டிபி என்று நினைத்து டிபி மருந்து கொடுத்தார்கள். அதில் ஒன்றான ரிஃபாம்பிசினால் சிறுநீர் ஆரஞ்சாகப் போகும் என்று முன்பே சொல்லியிருந்ததால், நிறம் மாறியதை நான் பொருட்படுத்தவில்லை. ஆத்தூர் பஸ்ஸில் எதிர் சீட்டுக் குழந்தை, "அம்மா, அந்த மாமா கண்ணு மஞ்சளா இருக்கு" என்றது. அப்படியே இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போனேன். மருந்து கல்லீரலைத் தாக்கியிருந்தது.
கோவை, குடல் அமைதியாக இருந்தாலும் வருஷா வருஷம் கொலோனோஸ்கோப்பி (பெருங்குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்ப்பது) வேண்டும். கோலைட்டிஸும் பி.எஸ்.சி.யும் சேர்ந்திருந்தால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு அதிகம். பித்தப்பையில் பாலிப் (சிறு சதை வளர்ச்சி) இருக்கிறதா என்றும் ஸ்கேனில் பார்க்கச் சொல்லுங்கள். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

கோவைக்காரன்:
கொலோனோஸ்கோப்பி எடுத்து 3 வருஷம் ஆகிவிட்டது, இந்த வாரமே கேட்கிறேன். சேலம் அண்ணா, அரிப்புக்கு எனக்கு இப்போது கொடுத்திருப்பதும் அந்த ரிஃபாம்பிசின்தான். ரத்தம் எடுத்துக் கல்லீரலைப் பார்த்துப் பார்த்துத்தான் கொடுக்கிறார்கள். நேற்றும் முந்தாநாளும் விடியும்வரை தூங்கினேன்.