தெர்மாகோலைக் கைவிட்ட பிறகு: தலைக்கவசம் பற்றிய புதுப்பிப்பு

தருமபுரிக் கடைகளில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே, 500 ரூபாய்க்குள் மார்வெல் காமிக்ஸ் நாயகன் அயர்ன் மேன் அணியும் தலைக்கவசம் ஒன்றைத் தெர்மாகோலில் செய்யப்போவதாகச் சென்ற மாதம் எழுதியிருந்தேன். தெளிப்பு வண்ணம் பட்டால் அது கரைந்துவிடும் என்று ஒருவர் எச்சரித்திருந்தார். அவர் சொன்னது அப்படியே நடந்தது. வண்ணத்தில் உள்ள கரைப்பான், தெர்மாகோலின் மூலப்பொருளான பாலிஸ்டைரினை அரித்து, நெற்றிப்பகுதியை அம்மைத் தழும்பு விழுந்த முகம் போல ஆக்கிவிட்டது.

ஆகவே, கிருஷ்ணகிரி மாம்பழம் வந்த அட்டைப்பெட்டியில் வடிவங்களை வரைந்து வெட்டி, அவற்றை அளவாக வைத்து 6 மி.மீ. தடிமனுள்ள பழைய யோகா விரிப்பை நறுக்கினேன். துண்டுகளைச் சூடாக்கி, கவிழ்த்த எவர்சில்வர் குண்டான்மீது அழுத்திப் பிடித்தபோது வளைவு தானாகவே படிந்தது. செருப்புத் தைப்பவர்கள் பயன்படுத்தும் பசையை இரு விளிம்புகளிலும் தடவி, கையில் ஒட்டாத அளவுக்கு உலரவிட்டு, அதன் பின்னரே இணைக்க வேண்டும். நான் முதலில் அவசரப்பட்டதால் தாடைப்பகுதி இருமுறை பிரிந்தது.

அயர்ன் மேனின் வழக்கமான நிறங்களான சிவப்பும் பொன்னிறமும் வாங்க இரண்டு டப்பாக்கள் தேவைப்படும் என்பதால் சாம்பல் நிறத்தோடு நிறுத்திக்கொண்டேன். (1963இல் காமிக்ஸில் அயர்ன் மேன் முதன்முதலில் தோன்றியபோது கவசம் சாம்பல் நிறம்தான், ஆகையால் இதைக் கஞ்சத்தனம் என்று யாரும் சொல்ல முடியாது.) இதுவரை 430 ரூபாய் செலவாகியுள்ளது. மூக்குக்கண்ணாடியுடன் அணிய முடியவில்லை என்பதால், கன்னப்பகுதியை ஒரு விரல் அகலம் கூட்டி மீண்டும் வெட்ட இருக்கிறேன்.